ஆறாவது தகப்பனும் வெள்ளிக் கம்மலும்

எங்கள் மலைநாட்டின் நாரின் நகரத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் ஓய்வு பெற்றவனுக்குப் போக்கிடம் இரண்டுதான். ஒன்று, மலைச்சரிவில் இருக்கும் மயானம். அதற்கு எனக்கு இன்னும் அவசரமில்லை. இன்னொன்று, எங்கள் கல்லூரியின் மூன்றாவது மாடியில் இருக்கும் உயிரியல் வகுப்பு. அங்கே ஜன்னலுக்குக் கீழே ஓடும் வெந்நீர்க் குழாய்தான் ஊரிலேயே அதிகமாகச் சுடுவது. முட்டையை வைத்தால் வெந்துவிடும். நம்பாதவர்கள் முட்டையோடு வரலாம். அதே கட்டடத்தில் ஆயுசு முழுக்க வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் வாசல்காவலர் என்னைத் தடுப்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதுகைக் குழாயோடு ஒட்டிக்கொண்டால் மாலைவரை சொர்க்கம். போதாக்குறைக்கு இலவச நாடகம் வேறு.

நாடகத்தை நடத்துபவள் ஜிபர்குல். உயிரியல் ஆசிரியை, என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் முதல் வரிசையில் இருப்பவனுக்கு ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். பிள்ளைகள் அவளை எஜே என்பார்கள், என்னை அகாய் என்பார்கள். ஆசிரியையும் அக்காவும், ஆசிரியரும் அண்ணனும் எங்களுக்கு ஒரே சொல்தான். அதனாலோ என்னவோ பிள்ளைகள் எங்களிடம் கூடப்பிறந்தவர்களிடம் போல வாயாடுவார்கள்.

அவளுடைய வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் எந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தாலும் சரி, அது சரியா தப்பா என்று சோதிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி ஒன்றைச் சொல்ல வேண்டும்: எதைக் காட்டினால் நான் என் மனசை மாற்றிக்கொள்வேன். சொல்லிவிட்டால் பின்வாங்கக் கூடாது. சொல்ல முடியாதவன் உட்கார்ந்துவிட வேண்டும்.

போன வருஷம் சஞ்சார் என்ற பையன் எழுந்தான். தோள் அகலம் ஒரு கதவு இருக்கும். பெண்களுக்கு மூளை எடை குறைவு, ஆகவே அவர்களுக்கு வண்டி ஓட்டும் உரிமம் கொடுக்கக் கூடாது என்றான்.

"எதைக் காட்டினா மாறுவே?" என்றாள் ஜிபர்குல்.

"என்னைவிட கனமான மூளை வெச்சிருக்கற யாராவது வண்டி ஓட்டத் தெரியாம நிக்கறதைக் காட்டுங்க எஜே."

"யானை," என்றாள் அவள். "உன் மூளை மாதிரி மூணு மடங்குக்கு மேல. உரிமம் குடுத்துடலாமா?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் நாரின் ஆற்றின் பனிக்கட்டி விரிசல் விட்டது. சரி, விரிசல் விட்டது வேறு காரணத்தால் இருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் விட்டது.

இதையெல்லாம் பார்த்து எங்கள் கல்லூரி முதல்வருக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். முதல்வர் வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்கவிட்டிருந்தார்: 'ஏழு தகப்பன்மாரைக் கணக்கு வைத்த நம் முன்னோரே உலகின் முதல் மரபணு அறிஞர்கள்.' எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் தகப்பன் வழியில் ஏழு பேரை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அந்த ஏழுக்குள் பொது ஆள் ஒருவர் வந்துவிட்டால் ஆணும் பெண்ணும் உடன்பிறப்பு. கல்யாணம் கிடையாது. ஜிபர்குல் தினமும் அந்தப் பதாகைக்குக் கீழேதான் நடந்து வருவாள். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எல்லா நம்பிக்கையையும் உரித்துப் போட்டவள் அதை மட்டும் தொடவில்லை. நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுக்கு ஒரே மகன், எல்தியார். கால்நடை மருத்துவன். குதிரைக்கு ஊசி போடும்போது கை நடுங்காது. பெண்கள் பக்கம் திரும்பினால் நாக்கு நடுங்கும். அம்மாவை அழைத்துப் போகக் கல்லூரிக்கு வருகிறேன் என்று ஆரம்பித்தான். பிறகு அம்மா வீட்டுக்குப் போன பிறகும் அழைத்துப் போக வந்தான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. முதல் வரிசையில் உட்காரும் நூரிசாவுக்காக வந்தான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கேட்கும் கேள்விகளை ஒரு தட்டில் வைத்து, நூரிசா தனியாகக் கேட்பவற்றை இன்னொரு தட்டில் வைத்தால் அவள் தட்டு தரையைத் தட்டும்.

எங்கள் ஊர்ப் பையன் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்பது பெயர். அடுத்தது, நீ யார் வழி, தகப்பன்மார் யார். எல்தியாரும் முறைப்படி கேட்டான். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை அவனே என்னிடம் ஒப்பித்தான்.

"மூணாவது தகப்பனுக்கு அந்தப் பக்கம் எல்லாமே காத்துவாக்கு. யாராவது பார்த்தாங்களா? சாட்சி இருந்தா சொல்லு, நானும் சொல்றேன்னு சொன்னா, அகாய்."

"நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்க மறந்துட்டேன்."

இந்தத் தவறை எங்கள் மலையில் ஆட்டுக்குட்டிகூடச் செய்யாது. காதலில் விழுந்தவன் செய்தான்.

வசந்தம் வந்ததும் ஜிபர்குல் வெள்ளிக் கம்மல் ஒரு ஜோடி வாங்கினாள். பவளம் பதித்தது, நடந்தால் சின்னதாகக் கிணுகிணுக்கும். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் தன் கையால் கம்மல் மாட்டிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அவளும் அவள் புருஷன் முகாஷும் நானும் நூரிசா வீட்டுக்குப் போனோம். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். முகாஷ் பேச்சில் மிகச் சிக்கனம். திருமணத்தன்று 'சரி' என்று சொன்னவர் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

நூரிசாவின் அப்பா எர்கின், மின்கம்பம் ஏறுகிற வேலை. குடும்பம் தாலாஸ் பக்கத்திலிருந்து வந்து ஆண்டுகள் அதிகமாகவில்லை. எங்களைக் கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய மேல்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ரொட்டி, வெண்ணெய், பழப்பாகு, கொழுப்பில் பொரித்த மாவுருண்டைகள் மலை மாதிரி. நான் அந்த மலையின் பாதியைத் தின்றேன். ஜிபர்குல் கைப்பையைத் திறந்து கம்மல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நூரிசா தேநீர் ஊற்றிக்கொண்டே அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"சும்மா ஒரு மரியாதைக்கு," என்றார் எர்கின், "பேரைச் சொல்லிக்குவோம். நான் எர்கின். அப்பா அசன்பெக். அவரோட அப்பா ஜோல்தோஷ். அவருக்கு அப்பா சோக்மோர். அவருக்கு அப்பா பைசால். அவருக்கு அப்பா ஜான்போலோத்..."

முகாஷின் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"எந்த ஜான்போலோத்?" என்றார். அந்த வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அத்பாஷி ஊர் ஜான்போலோத். ஒத்தைக் கண்ணு. ஓநாயைக் கையால நெரிச்சவர்."

"அவருக்கு ரெண்டு மகன்," என்றார் முகாஷ். "பெரியவர் பைசால். சின்னவர் தோலோபாய். தோலோபாய்க்கு மகன் அப்தில்தா. அவருக்கு ஷர்ஷென். அவருக்கு காதிர். காதிருக்கு நான்."

எல்லாரும் விரல் மடக்கினோம். எல்தியாருக்கும் ஆறாவது தகப்பன் ஜான்போலோத். நூரிசாவுக்கும் ஆறாவது தகப்பன் ஜான்போலோத். ஏழைத் தொட ஒரு விரல் பாக்கி இருந்தது. அந்த ஒற்றை விரல்மேல் அறை முழுக்க உட்கார்ந்திருந்தது. நான்கூட மெல்லுவதை நிறுத்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிபர்குல் பெட்டியை மூடிக் கைப்பையில் போட்டாள். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணன் ஒத்துக்க மாட்டார்," என்றார் முகாஷ் வெளியே வந்ததும். அவருடைய அண்ணன் சத்திபால்திதான் தோலோபாய் கிளைக்குப் பெரியவர்.

"அண்ணன் பேச்சு எதுக்கு? இது வழக்கம் இல்லை, உயிரியல்," என்றாள் ஜிபர்குல். "நெருங்கின ரத்தம். பிறக்கற குழந்தைக்கு ஆபத்து."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஊர் வாய்க்குப் பயந்த முகம் அது. ஆனால் படித்தவள் ஊருக்குப் பயப்படுகிறேன் என்று சொல்ல முடியுமா? குரோமோசோம்களைக் கூப்பிட்டுத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

எல்தியார் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அந்த வாரம் அவன் ஊசி போட்ட குதிரைகள்கூட அவனைப் பார்த்து இரக்கப்பட்டனவாம். இதைச் சொன்னவனும் நான்தான்.

அடுத்த வகுப்பில் நூரிசா வெறும் காதோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜிபர்குலின் கைப்பை மேஜைமேல் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். நாரினில் ரகசியம் என்றால் மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட விஷயம் என்று பொருள்.

நூரிசா எழுந்தாள்.

"எஜே, இந்தத் தடவை நான் ஏழு தகப்பன்மார் வழக்கத்தைச் சோதிக்கணும். அது ரத்தத்தைக் காப்பாத்துதுன்னு சொல்றாங்களே, அதை."

முதல்வரின் பதாகை மூன்று மாடி கீழே படபடத்தது.

"எதைக் காட்டினா மாறுவே?" என்றாள் ஜிபர்குல். குரல் சரியாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கட்டிதான் கையில் இரண்டாக உடைந்தது.

"எனக்குப் பிறக்கற குழந்தைக்கு, இந்தப் பள்ளத்தாக்குல சாதாரணமா ஜோடி சேர்றவங்க குழந்தையைவிட ஆபத்து அதிகம்னு காட்டுங்க. விட்டுடறேன். வேற கால்நடை மருத்துவன் கிடைக்காமலா போயிடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கண் சிரிக்கிற மாதிரி இல்லை.

"இப்ப நீங்க சொல்லணும் எஜே. உங்க சட்டம்."

இருபது பேர் திரும்பினார்கள். கடைசி பெஞ்சில் நான் முதுகைக் குழாயிலிருந்து எடுத்து நிமிர்ந்தேன். குளிரில் விறைத்துப்போனாலும் பரவாயில்லை என்று.

ஜிபர்குல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். இறக்கினாள். "சரி. இதே வழக்கம், இதைவிட நெருங்கின ரத்தத்தைக் கண்டுக்காம விட்டிருக்குன்னு காட்டுங்க. அப்போ இது ரத்தத்தைக் காப்பாத்தற வழக்கம் இல்லைன்னு ஒத்துக்கறேன். மேல ஆகவேண்டியதையும் நானே செய்யறேன்."

அடுத்த வகுப்புக்குள் வகுப்பே ஊரைக் கிளறியது. சாயங்காலம் நூரிசா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அகாய், ஒரு சிக்கல். எல்லாரும் ஏழு தகப்பனைச் சொல்றாங்க. அம்மாவோட அம்மாவோட அம்மா யாருன்னு கேட்டா ஆடு மாதிரி முழிக்கிறாங்க. சஞ்சாருக்கு அவன் பாட்டி பேரே தெரியலை. பாட்டின்னுதான் பேருங்கறான். பேர் தெரியாம எப்படிக் கணக்குப் போடறது?"

எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஜிபர்குல் கல்யாணத்தில் நான் ஆடியவன். இரண்டு சம்பந்தியம்மாக்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன சொல்லி அழுதார்கள் என்பது காதில் விழுந்தவன். அதை அப்படியே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல நாடகத்தை நடுவில் கெடுக்கிற ஆள் நானா?

"எல்லாரையும் கேக்கறியே, உங்க எஜேயைக் கேட்டியா?" என்றேன். "அவங்களுக்கு நல்லாத் தெரியும். அவங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேளு."

அவள் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வகுப்பு நாளன்று அறையில் நிற்க இடமில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நானூறு பேர் இருப்பார்கள். அறை நாற்பது பேருக்கானது என்று வாதாடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

முதலில் சஞ்சார் எழுந்தான். "எஜே, தகப்பன் வழியா வர்ற ஒய் குரோமோசோம் இருக்கே, அது ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது. அதுக்குத்தான் வழக்கம்."

"எனக்கு அந்தக் குரோமோசோமே இல்லையேடா," என்றாள் நூரிசா. "எதோட எதைக் கலக்கறது?"

சஞ்சார் ஜிபர்குலைப் பார்த்தான். ஜிபர்குல் ஜன்னலைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்தான். உட்காரும்போது பெஞ்சின் மறுமுனையில் இருந்தவன் ஓர் அடி மேலே போய் வந்தான்.

"இன்னொண்ணு," என்றாள் நூரிசா. "தலைநகர்ல மருத்துவம் படிக்கற என் சிநேகிதியோட வகுப்புல இந்தியாவிலேர்ந்து வந்த பசங்க நிறைய. அதுல மதுரைங்கற ஊர்ப் பையன் ஒருத்தன். அவங்க ஊர்ல சித்தப்பா பொண்ணு தங்கச்சியாம். தாய்மாமன் பொண்ணு மட்டும் கட்டிக்கற முறையாம். முறைன்னாகூடப் பரவாயில்லை, உரிமையாம். கட்டிக்கலைன்னா மாமாவுக்குக் கோபம் வருமாம்."

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"ரத்தக் கணக்குப்படி ரெண்டு பேரும் ஒரே தூரம்," என்றாள் நூரிசா. "அவங்க ஒருத்தியைத் தங்கச்சின்னு கும்பிடறாங்க, இன்னொருத்தியை உரிமைங்கறாங்க. நாம தகப்பன் பக்கம் ஏழு படி ஏறறோம், அம்மா பக்கம் ஒரு படிகூட ஏறறதில்லை. எல்லைக்கோட்டை அவங்கவங்க போட்டுட்டு, ரத்தம்தான் போட்டுதுங்கறோம். எஜே, இது நம்ம வகுப்பிலேயே தெரிஞ்சுடும். உங்க தாய்வழியைச் சொல்லுங்க. எங்க யாருக்கும் தெரியலை."

ஜிபர்குலுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. அறிவியல் படித்த பெண் தாய்வழியை மறப்பாளா. சுண்ணாம்புக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"என் அம்மா சர்கான். அவங்க அம்மா பத்மா. பத்மாவோட அம்மா உமுத். உமுத் வீட்டு முற்றத்துலதான் நான் நடக்கவே பழகினேன்."

"முகாஷ் மாமாவோட தாய்வழி?" என்றாள் நூரிசா.

"அவரோட அம்மா கலிபா. அவங்க அம்மா ஜுமாகுல். ஜுமாகுலோட அம்மா..."

சுண்ணாம்புக்கட்டி 'உ' என்று எழுதி நின்றது.

அவளுக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அதே முற்றத்தில் முகாஷும் நடக்கப் பழகியிருக்கிறார். கலிபாவும் சர்கானும் அக்கா தங்கை பெண்கள். கல்யாணத்தன்று 'நம்ம பாட்டி வீட்டுக்கே திரும்பிட்டோம்' என்றுதான் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அதெல்லாம் அம்மா பக்கம். அம்மா பக்கம் என்றால் பாசம், விருந்து, முற்றம். கணக்கில் சேராது. ஆயுள் முழுக்க மரபணுப் பாடம் எடுத்தவள் இரண்டையும் ஒரே பலகையில் எழுதிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உமுத்," என்று வகுப்பே சேர்ந்து முடித்தது.

நூரிசா எழுந்து வந்து கணக்குப் போட்டாள். குரலில் வெற்றி இல்லை.  "எல்தியாருக்கும் எனக்கும் பொதுவான ரத்தம் ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுல ஒரு பங்கு. உங்களுக்கும் மாமாவுக்கும் முப்பத்திரண்டுல ஒரு பங்கு. அறுபத்து நாலு மடங்கு நெருக்கம், எஜே. உங்க கல்யாணத்துல ஊரே ஆடிச்சு."

நானாக இருந்தால் ஆயிரம் மடங்கு என்றிருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கைத் திருத்த எனக்குத் தைரியம் இல்லை.

ஜிபர்குல் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு திரும்பிச் சொன்னாள்: "என் மகனுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் நூரிசா. "அவன் நல்லாத்தான் இருக்கான்."

அப்போதுதான் வகுப்பு சிரித்தது. ஜிபர்குலும் சிரித்தாள். அழுகிறாளோ என்று சந்தேகம் வரும்படியான சிரிப்பு. கைப்பையைத் திறப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் பையின்மேல் கை வைத்தாள், திறக்கவில்லை.

"ஒத்துக்கறேன். இது உயிரியல் இல்லை. ஆனா அதனாலேயே இது வெறும் குப்பைன்னு ஆயிடாது," என்றாள். "ரத்தத்துக்கு இல்லைன்னா எதுக்கு? ஒரே மேய்ச்சல் நிலத்துல இருக்கறவன் தன் வீட்டுப் பொண்ணைப் பார்க்கற கண்ணு மாறக் கூடாதுன்னு இருக்கலாம். பொண்ணு தேடி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனா அங்கே சண்டை வராதுன்னு இருக்கலாம். நானும் நீயும் பலகையில ஜெயிச்சுட்டோம். அத்பாஷியில உட்கார்ந்திருக்கற பெரியவர்கிட்ட இந்த அறுபத்து நாலைச் சொல்லிப் பாரேன்."

"நீங்கதான் சொல்லணும்," என்றாள் நூரிசா மெதுவாக. "மேல ஆகவேண்டியதை நானே செய்யறேன்னீங்க."

சொன்ன சொல். பின்வாங்க முடியாது. அவளே போட்ட சட்டம்.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிபர்குல், முகாஷ், நான் மூவரும் அத்பாஷிக்குப் போனோம். பாதையில் அவள் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். மரபணு, விகிதம், புள்ளிவிவரம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால் முழுப் பாடத்தையும் இரண்டு தடவை கேட்டேன். சத்திபால்தி தூங்கிவிடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

சத்திபால்தி வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக மேல்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜிபர்குல் பேச ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு வந்தபோது அவர் கண் சொருகியது. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வந்தபோது முழுதாக மூடியது.

"பெரியவரே, கேக்கறீங்களா?"

"கேக்கறேன் மருமகளே," என்றார். தம்பி பெண்டாட்டியும் எங்களுக்கு மருமகள்தான். " நம்பர் எல்லாம் நல்லா இருக்கு. ஜான்போலோத் இன்னும் ஆறாவதுதானே?"

"ஆமா."

"அப்போ முடியாது. தேநீர் குடிச்சுட்டுப் போங்க."

முகாஷ் கிண்ணத்துக்குள் பார்த்தார். ஜிபர்குல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"சரியான முடிவு, அண்ணே," என்றேன். "இருந்தாலும் எனக்கு ஒரு வருத்தம். எர்கின் பைசால் கிளை. பெரிய மகன் கிளை. அவங்களும் நாமும் ஒரே வம்சமா இருக்கற வரைக்கும், எந்த விருந்துலயும் முதல் மரியாதையான ஆட்டு இடுப்பெலும்பு அந்தக் கிளையில மூத்த ஒமுர்சாக்குக்குத்தான் போகும்."

சத்திபால்தியின் ஒரு கண் திறந்தது.

"அந்த ஆளுக்குப் பல்லே இல்லை," என்றார்.

"இல்லைதான். நக்கிட்டு வெச்சுடறார். பார்க்கவே கஷ்டமா இருக்கு. நாம சம்பந்தியா மட்டும் போயிருந்தோம்னா கதையே வேற. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முன்னாடி அந்தத் துண்டை வைக்காம, சொந்த வீட்டுக் கிழவருக்கு வைக்க முடியுமா அவங்களால? ஆனா என்ன பண்றது, ஜான்போலோத் ஆறாவது."

இரண்டாவது கண்ணும் திறந்தது. அவர் தாடியைத் தடவினார். நெடுநேரம் தடவினார். தாடி ஒரு அங்குலம் வளர்ந்திருக்கும்.

"எங்க தாத்தா ஒண்ணு சொல்லியிருக்கார்," என்றார் கடைசியில். "வம்சம் பெருத்துப்போச்சுன்னா பெரியவங்க கூடி, வெளுத்த பெட்டைக் குதிரை ஒண்ணை அறுத்து, இனிமே நீங்க வேற நாங்க வேறன்னு பிரிச்சு விடலாம். அன்னிக்கே பொண்ணு குடுக்கலாம், எடுக்கலாம்."

"அதுக்கு என்ன ஆதா..." என்று ஜிபர்குல் ஆரம்பித்தாள். ஆதாரம் என்று முடிப்பதற்குள் நான் அவள் காலை மிதித்தேன். நல்ல பூட்ஸ் போட்டிருந்தேன்.

"என்ன கேட்டே மருமகளே?"

"ஒண்ணும் இல்லை பெரியவரே," என்றாள் அவள், வலியோடு. "அருமையான வழக்கம்னு சொல்ல வந்தேன்."

பைசால் கிளையிலிருந்தும் ஒருவரும் மறுக்கவில்லை. ஒமுர்சாக்குக்கு எதற்காகக் குதிரை அறுக்கிறார்கள் என்று காது கேட்கவில்லை. குதிரைக் கறி என்றது கேட்டது. எல்தியார் தன் கையாலேயே ஊசி போட்டு வளர்த்த வெளுத்த பெட்டைக் குதிரை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்துக் கொடுத்தான். சத்திபால்தி எழுந்து, ஜான்போலோத்தின் மக்கள் இன்று முதல் இரண்டு வம்சம் என்று அறிவித்தார். பிரார்த்தனை முடிந்ததற்கு அடையாளமாக எல்லாரும் கைகளை முகத்தில் வழித்துக்கொண்டோம். மரபணுக்கள் எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் முற்பகலில் அண்ணன் தங்கையாக இருந்தவர்கள் பிற்பகலில் அன்னியர்கள்.

அதன்பின் எர்கின் வீட்டு விருந்தில் இடுப்பெலும்பு ஆவி பறக்க சத்திபால்தி முன்னால் வந்தது. அவர் கத்தியை எடுத்து, ஆயுசு முழுக்கக் காத்திருந்த மனிதனின் நிதானத்தோடு முதல் துண்டை அறுத்தார். ஜிபர்குல் கைப்பையைத் திறந்தாள். நூரிசா தலையைக் குனிந்தாள். ஒரு காதில் கம்மல் ஏறியது, இன்னொரு காதில் ஏற மறுத்தது. மாமியார் வேறெங்கோ குத்திக்கொண்டிருந்தாள்.

"எஜே, மெதுவா. ஓட்டை அங்க இல்லை."

"எதைக் காட்டினா நம்புவே?" என்றாள் ஜிபர்குல், கண்ணில் நீரோடு. எல்லாரும் சிரித்தார்கள். முகாஷ் மனைவியின் பக்கம் திரும்பி மிகத் தெளிவாக, "வாழ்த்துகள், தங்கச்சி," என்றார். அவர் இத்தனை வருஷமும் வார்த்தைகளைச் சேமித்து வைத்தது இதற்காகத்தான் போலும். அடுத்த ஒரு மாதம் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

முதல்வர் பதாகையை மாற்றினார். 'வெளுத்த குதிரையால் மரபணுக்களைப் பிரிக்கும் முறையை உலகுக்குக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்.' ஜிபர்குல் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் முதல்வரின் கதவைத் தட்டினாள். எதைக் காட்டினால் மாறுவீர்கள் என்று கேட்டாளாம். அவர் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டார்.

நூரிசா இப்போது தலையில் மருமகள் துணியோடு அதே முதல் வரிசையில் உட்காருகிறாள். எங்கள் வழக்கப்படி மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அவள் சொல்வதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறாள். அதுவும் இப்போது வீட்டிலும்.

நேற்று இடைவேளையில் ஜிபர்குல் கடைசி பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். குழாயில் முதுகைச் சாய்த்தாள்.

"அகாய், உங்களுக்குப் பழைய வழக்கமெல்லாம் தெரியுமே. மருமக மாமியார்கிட்ட கேள்வி கேக்கக் கூடாதுன்னு எங்கேயாவது, எந்தப் பள்ளத்தாக்குலயாவது, ஏதாவது வழக்கம் இருந்திருக்கா?"

"இருந்தா அதைக் கடைப்பிடிப்பியா?"

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். நூரிசா திரும்பி உட்கார்ந்து, கம்மல் கிணுகிணுக்க, சஞ்சாரிடம் எதையோ துருவிக்கொண்டிருந்தாள். அவன் ஏற்கெனவே பாதி உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"மாட்டேன்," என்றாள் ஜிபர்குல். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."